கடைசி இரண்டு இலக்கங்கள்

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு என் கைபேசி மேசை இழுப்பறைக்குள் அதிர்ந்தது. எட்டாம் வகுப்பில் நிலவரைபடத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தேன். பாடம் நடக்கும்போது நான் போனை எடுப்பதில்லை. ஆனால் அது ஒருமுறை ஓய்ந்து, உடனே மறுபடியும் அதிரத் தொடங்கியது. வரைபடத்தின் ஒரு முனையை ஒரு மாணவியின் கையில் கொடுத்துவிட்டு எடுத்தேன். மகள் படிக்கும் கல்லூரியின் அலுவலகத்திலிருந்து பேசினார்கள். "பதட்டப்படாதீங்க மேடம்" என்றுதான் ஆரம்பித்தார்கள். அப்படி ஆரம்பித்த பிறகு எந்தத் தாயால் பதறாமல் இருக்க முடியும்? மிச்சத்தை நான் முழுதாகக் கேட்கவில்லை. வண்டி, ரோடு, தலை, ஆம்புலன்ஸ் என்ற நான்கு சொற்கள் மட்டும் காதில் தங்கின.

மகள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறாள். சனிக்கிழமை நீடாமங்கலத்துக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் தன் ஸ்கூட்டரில் திரும்பிப் போவாள். அது குறுவை அறுப்பு நேரம். ஈரநெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். அதனால் வெயில் தலைகாட்டும் நாட்களில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். ஓரத்தில் கல்லோ மரக்கிளையோ வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து ஒதுங்கிப் போவது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட்டவள் நெல்லின் மேல் ஏறிவிட்டாள். காய்ந்த நெல்லின் மேல் சக்கரம் பிடிக்காது. தலையில் ஹெல்மெட் இருந்தது. அது இல்லாமலிருந்தால் என்ன என்ற எண்ணத்தை இன்றுவரை நான் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன்.

கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். நேரில் பார்த்துவிட்டு அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனாரை, அதாவது கணவரின் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடங்களாக அந்தக் கேட்டில் நின்று சலித்திருக்கிறேன். அன்றுதான் முதன்முறையாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மருத்துவமனையில் அவசரப் பிரிவின் நர்ஸ் எங்களுக்காகக் காத்திருந்ததுபோல வந்தார். முதல் ஸ்கேன் எடுத்தாயிற்று, மூளையில் லேசான கன்றல் மட்டும்தான் தெரிகிறது, கை கால் நன்றாக அசைகிறது என்று வரிசையாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு நம்பர் சொல்லிக்கிட்டே இருக்கு மேடம். செவன் த்ரீ நைன்னு ஆரம்பிக்குது. உங்க நம்பரா?"

என் எண் அப்படி ஆரம்பிப்பதில்லை. கணவருடையதும் இல்லை.

"ரோட்டுல நெல்லு காயப்போட்டிருந்த அம்மாதான் ஆம்புலன்ஸ்ல கூட ஏறி வந்தாங்க. வழியில அவங்ககிட்ட எட்டு நம்பர் சொல்லியிருக்கு. ரெண்டு குறையுது, வீட்டு ஆளுங்க நம்பராத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. நான் கேட்டா ஏழுதான் வந்திச்சு. ஸ்கேனுக்குத் தள்ளிக்கிட்டுப் போகும்போது கேட்டேன், ஆறு. அதான் பையில இருந்த ஐடி கார்டைப் பாத்து காலேஜுக்கே போன் போட்டோம்."

அந்த நெல்லுக்கார அம்மாள் எங்கே என்று கேட்டேன். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, நெல் அப்படியே ரோட்டில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாராம். அவர் பெயரையோ போன் எண்ணையோ யாரும் வாங்கிவைக்கவில்லை.

மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நெற்றியின் இடப் பக்கம் வீங்கி, தோல் இழுபட்டு மினுங்கியது. குழந்தையில் அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, இத்தனை பேர் நிற்கும்போது, என் விரல் தானாக அங்கே போயிற்று. "அம்மா வந்திருக்கேன்டா, என்னைத் தெரியுதா?" என்றேன். அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல அங்கே பார்த்தாள். உதடுகள் உலர்ந்திருந்தன. மிகவும் பொறுமையாக, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: "செவன் த்ரீ நைன் த்ரீ நைன்." பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நர்ஸ் என்னைப் பார்க்காமல் கைவிரல்களை மடக்கினார். ஐந்து.

டியூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். இது என்ன மாதம் என்று மகளிடம் கேட்டார். மார்ச் என்றாள். வெளியே ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: "மாசம் தப்பா சொல்றது சகஜம்தாங்க, அதுக்கு நான் பயப்படல. ஆனா தெரிஞ்ச ஒரு விஷயம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சங் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வருது பாருங்க, அது எனக்குப் பிடிக்கல. உள்ளே மெதுவா ரத்தம் கசியலாம். முதல் ஸ்கேன்ல அது தெரியாம இருந்திருக்கலாம். இன்னும் குறைஞ்சா திருச்சிக்கு அனுப்பிடுறேன்."

அந்த நேரத்திலிருந்து என் உலகம் முழுவதும் அந்த எண்ணுக்குள் சுருங்கிவிட்டது. அடுத்தமுறை வாய் திறக்கும்போது குறைந்தது ஐந்து இலக்கமாவது சொல்லிவிட வேண்டும். வேறு எந்த வேண்டுதலும் எனக்கு இல்லை. நர்ஸ் ஓர் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் எழுதிவைத்திருந்த எட்டு இலக்கங்களையும் மனப்பாடம் செய்துகொண்டேன். மகளின் காதருகே குனிந்து, விட்டுப்போனவற்றை எடுத்துக் கொடுத்தேன். "ஒன்... த்ரீ... த்ரீ. சொல்லுடா கண்ணு, ஒன்..." என்றேன். முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல மறுபடி மறுபடி சொன்னேன். அவள் புருவத்தைச் சுளித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். எவ்வளவு எரிச்சலோடு திருப்பினாள் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அதையும் நோயின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

என் நாத்தனாருக்கு மெல்லப் பேச்சு திரும்பியிருந்தது. அவருடைய கவலை வேறு திசையில் போயிற்று. "யாரு நம்பருன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்றார். "எந்தப் பயலோடதோ. எட்டைச் சொல்லிட்டு ரெண்டை முழுங்குறா பாரு. மயக்கத்துலயும் உஷார்தான்."

"அண்ணி, சும்மா இருங்களேன்."

"நான் என்ன சொல்லிட்டேன்? பெத்த அம்மா பேரைச் சொல்லல, அப்பன் பேரைச் சொல்லல. நம்பர் மட்டும் வருதுன்னா என்ன அர்த்தம்?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு சின்ன வலியும் இருந்தது. அவர் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைவெல்லாம் உதிர்ந்துபோகும் நேரத்தில் ஒருத்தி இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ஒன்று, அவளுடைய அம்மாவுக்குத் தெரியாத ஒன்றாக இருக்கிறதே என்று.

சற்று நேரத்தில் மகள் மறுபடி முனகினாள். "செவன் த்ரீ நைன் த்ரீ." நான்கு. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் திருச்சிக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அதுவரை முறுக்கிக்கொண்டு நின்ற என் நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்தார். "எந்தப் பயலா இருந்தாலும் பரவால்ல. வந்து அந்த மிச்ச நம்பரைச் சொல்லி இவளை எழுப்பட்டும். என் தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன், நானே முன்ன நின்னு கட்டிவைக்கிறேன்" என்று அழுதார். அழுகைக்கு நடுவில் எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்தது.

ஸ்ட்ரெச்சரில் மாற்றப்போகும் நேரத்தில்தான் மகளின் விடுதி அறைத்தோழி வந்து சேர்ந்தாள். பேராவூரணிப் பெண். ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவளுக்குப் பேருந்தில் வரும்போது செய்தி தெரிந்திருக்கிறது. மழையில் நனைந்து, தோளில் ஒரு பெரிய பையோடு, நேரே கட்டிலுக்கு ஓடினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நர்ஸ் நடந்ததைச் சொன்னார்: முதலில் எட்டு, பிறகு ஏழு, ஆறு, ஐந்து, நான்கு. அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். முதலில் பயம், பிறகு குழப்பம், பிறகு, எப்படிச் சொல்வது, சிரிப்பை அடக்குகிறவளின் முகம்.

"கடைசியா சொன்னது என்ன சிஸ்டர்? செவன் த்ரீ நைன் த்ரீயா?"

"ஆமா."

"அப்ப அவ மறக்கல ஆன்ட்டி" என்று என் பக்கம் திரும்பினாள். "வெட்டுறா. ஒழுங்கா வெட்டுறா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அது போன் நம்பரே இல்லை. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாதது. அதன் வலக் கடைசி இலக்கத்தை வெட்டி எறிந்தால் மிச்சமிருப்பதும் பகா எண். மறுபடி வெட்டினால் அதுவும். இப்படி வெட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் ஏழு மட்டும் நிற்கும். ஏழும் பகா எண்தான். "வலப் பக்கமிருந்து இப்படி வெட்ட வெட்ட நிக்கிற எண்கள்ல இதுதான் பெருசு. இதுக்குப் பின்னால இன்னொரு இலக்கம் எதைச் சேர்த்தாலும் வகுபட்டுடும். இதோட வளர்ச்சி அவ்வளவுதான். ஆனா குறையுறதுக்கு ஏழு வரைக்கும் வழி இருக்கு. பயம் வந்தா நாங்க ரெண்டு பேரும் இதைத்தான் சொல்லுவோம். வைவா வாசல்ல, ஊசி போடும்போது, ஒரு தடவை லிஃப்ட்ல மாட்டிக்கிட்டப்ப. ஏழுக்கு வர்றதுக்குள்ள பயம் போயிடும்."

டாக்டர் தன் கைபேசியில் எதையோ தட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்திலும் இறுக்கம் தளர்ந்திருந்தது. "நீங்களே கேளுங்க" என்றார் அந்தப் பெண்ணிடம்.

அவள் குனிந்து, என் மகளின் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். "ஏய் லூசு, நான் வந்துட்டேன். எங்க நிக்கிற? அடுத்து சொல்லு."

மழை ஜன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு உதடுகள் அசைந்தன. "செவன் த்ரீ நைன்."

"அடுத்து?"

"செவன் த்ரீ."

"அடுத்து?"

"செவன்."

"அடுத்து?"

என் மகள் கண்ணைத் திறக்காமலே, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த எரிச்சலோடு சொன்னாள்: "அதுக்கப்புறம் என்னடி இருக்கு, லூசு."

நர்ஸ் முதலில் சிரித்தார். பிறகு டாக்டர். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பேராவூரணிப் பெண்ணின் ஈரத்தோளில் முகம் புதைத்துக்கொண்டிருந்தேன் என்று நாத்தனார் பிறகு சொன்னார். நாத்தனாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பயல் எவனும் இல்லையா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

டாக்டர் அத்தோடு விட்டுவிடவில்லை. இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபிறகுதான் திருச்சிக்குப் போக வேண்டாம் என்றார். கன்றல் அப்படியேதான் இருந்தது, கசிவு எதுவுமில்லை. பிற்பகலில் மகள் என்னை அடையாளம் கண்டு, தண்ணீர் கேட்டு, ஸ்கூட்டர் என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். மாதத்தைச் சரியாகச் சொன்னாள். கணவரிடம் பேசினேன். அவர் மறுமுனையில் அழுதார்.

சில மாதங்களாகின்றன. வகுப்பில் இழுப்பறை அதிர்ந்தால் இப்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டு உடனே எடுத்துவிடுகிறேன். நெல் காயும் சாலையில் யார் வண்டி ஓட்டினாலும், பின்னால் உட்கார்ந்து அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்கிறேன். மகள் எப்போதும்போலப் போய்வருகிறாள். நான் படித்தது வரலாறு. அவள் படிப்பைப் பற்றி முன்பெல்லாம் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறேன்: இதெல்லாம் எதுக்கு ஆகும்? "எதுக்கும் ஆகாதும்மா, சும்மா அழகா இருக்கும்" என்பாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்ததில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கால்குலேட்டரை எடுத்துவைத்துக்கொண்டு அந்த எண்ணை நானே சோதித்துப் பார்க்கிறேன். எழுநூற்று முப்பத்தொன்பது சீக்கிரம் முடிந்துவிட்டது. ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்கு இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போனேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. "எண்பத்தஞ்சைத் தாண்ட வேண்டாம்மா. அதுக்கு மேல ஒன்னு வகுத்தா, அதோட ஜோடி அதுக்குக் கீழ இருந்திருக்கணும், நீ ஏற்கெனவே பாத்திருப்பே" என்றாள் மகள், அடுப்படியிலிருந்து. ஒவ்வொன்றாக வகுத்து, ஒவ்வொரு முறையும் மீதி வருவதைப் பார்க்கும்போது நெஞ்சில் ஏதோ அமைதியாகிறது. குறைகிறது, குறைகிறது என்று நான் அழுத ஒவ்வொரு முறையும் அது முழுசாகத்தான் நின்றிருக்கிறது. இடப் பக்கமிருந்து வெட்டினால் இப்படி நிற்காதாம். கடைசியில் முப்பத்து மூன்று வந்து மூன்றால் வகுபட்டுவிடுமாம். எந்தப் பக்கம் வெட்டுகிறோம் என்பதும் இருக்கிறது.

அன்று சாயங்காலம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. மகளை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். தோழி கொண்டுவந்த பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து நாத்தனார் தின்றுகொண்டிருந்தார். வார்டு வாசலில் ஒரு பெண் நின்று, ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். சேலையில் முழங்கால் வரை சேறு. கைகளில் நெல்சுணை பட்டுச் சிவந்த தடிப்புகள். என் மகளைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நெருங்கி வந்தார்.

"பேசுதாங்க?"

"பேசுறா. நீங்க?"

"என் நெல்லுலதாங்க விழுந்துச்சு" என்றார், ஒளிக்காமல். நாத்தனார் கடலையைக் கீழே வைத்தார். ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் கட்டிலருகே குனிந்து மகளின் காலைத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வயலில் அறுத்த நெல்லும் அதே வாரம் அதே சாலையில்தான் காய்ந்தது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "நெல்லை அள்ளி, தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு வர நேரமாயிருச்சுங்க. அப்பா அம்மா யாருன்னு தெரியலியேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. எட்டு நம்பரை மறக்காம வச்சிருந்தேன். மிச்சம் ரெண்டுதானேன்னு சைபர் சைபர்லேருந்து ஒவ்வொன்னா போட ஆரம்பிச்சேன். அள்ளிக்கிட்டே போட்டேன். பாதிக்கு மேல போட்டாச்சு."

நானும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பாதி நம்பரு இல்லவே இல்லைன்னுடுச்சு. ஒருத்தர் இந்தியில பேசுறார். ஒருத்தன், பொண்ணு விழுந்துடுச்சுன்னு புதுசா ஏமாத்துறீங்களான்னு அசிங்கமாத் திட்டுறான். அது போகட்டும். ஒரு அம்மா எடுத்தாங்க, மதுரைப் பக்கமாம். அவங்க பொண்ணும் வண்டியில காலேஜ் போவுமாம். நான் விசயத்தைச் சொன்னதும் அலறிட்டாங்க. அவங்க பொண்ணுகிட்ட பேசி, அது நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சும் மனசு ஆறல. இந்தப் பொண்ணோட அம்மா கெடைச்சாங்களா கெடைச்சாங்களான்னு மத்தியானத்துலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முந்தானையில் முடிந்திருந்த போன் அடித்தது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். அதை என் கையில் வைத்தார்.

"அவங்கதான். நீங்களே சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. பெத்தவ குரலைக் கேட்டாத்தான் எந்திரிச்சுச் சாப்பிடப் போவாங்க."